மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வீடு தப்புமா?

வலையும் இன்ஜினும் கடனுக்கு வாங்கி, மீன்பாடு இல்லாத பருவத்தில் தவணை தவறியவர்கள் நம்மில் உண்டு. "மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வீட்டைத் தொட முடியாது" என்று அவர்களிடம் சிலர் சொல்கிறார்கள். இது சரியல்ல. விவரத்தை அறிந்துகொள்வோம்.

சென்னை நகருக்கு வெளியே இருப்பவரின் ஐ.பி. மனு, 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்துள்ளது.

நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய வீடு, மனை, நிலம் எல்லாம் நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்குப் போய்விடும். அவற்றை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார்கள். கவனிக்க வேண்டியவை:

1. அடமான வீடு: பத்திரத்தை வாங்கி வைத்திருக்கும் வங்கியின் உரிமையை ஐ.பி. தடுக்காது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தலாம். அதன்பின் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள் அவகாசம் உண்டு.

2. விலக்கு: விவசாயி, தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோர் தாமே குடியிருக்கும் சொந்த வீட்டை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது. கூலிக்கு ஏரியில் இறங்குபவரும், படகும் ஆட்களும் வைத்திருப்பவரும் ஒரே நிலையில் இல்லை. வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு.

3. ஹிபா: ஐ.பி. மனு தாக்கலுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் மனைவி, மக்கள் பெயருக்கு இனாமாக எழுதியதை நீதிமன்றம் ரத்து செய்யலாம். மனைவிக்கு முன்பே சொந்தமான சொத்தும் நகையும் அவருக்கே. கொடுக்காத மஹர் இருந்தால் மனைவியும் ஒரு கடன்காரரே.

4. வாரிசுப் பங்கு: வாப்பாவின் வீட்டில் நொடித்தவரின் பங்கு மட்டுமே போகும், சகோதர சகோதரிகளின் பங்கு போகாது. ஆனால் விடுவிப்பு உத்தரவுக்கு முன் புதிதாக வந்து சேரும் பங்கும் ரிசீவரிடம் போகும்.

ஷரீஅத்தில், நொடித்தவரின் குடியிருப்பு வீட்டைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் வீடும் விற்கப்படும். ஹன்பலீ மத்ஹபில் தேவையான வீடு விடப்படும். ஒன்றை மறக்கக் கூடாது: நீதிமன்றம் விடுவித்தாலும், கடன் கொடுத்தவர் மன்னிக்காதவரை மீதிக்கடன் நம் பொறுப்பிலேயே இருக்கும். வசதி வந்ததும் அடைப்பது கடமை.

கடன் கொடுத்தவருக்கும் கடமை உண்டு. சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா 280-ஆவது வசனம் ஏவுகிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பது அத்தவ்பா 60-ஆவது வசனத்தில் உள்ளது.

எனவே வீட்டை இனாமாக எழுதுவதற்கும் மனுவில் கையெழுத்திடுவதற்கும் முன்பே, கடன் விவரத்தையும் நோட்டீஸையும் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஜமாஅத் முன்னிலையில் தவணை பேசிப் பார்க்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பல வீடுகள் கைவிட்டுப் போகின்றன.

கடன் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.