கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

நமது கிராமங்களில் பள்ளிக்கூடங்களிலும், நூலகங்களிலும், வசதியுள்ளோர் இல்லங்களிலும் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் பரவி வருகிறது. சென்னையிலுள்ள கொளத்தூரில் இத்தொழில் செழித்திருப்பதால், பிராணவாயு அடைத்த பைகளில் மீன்கள் சிற்றூர்ச் சந்தைக்குக்கூட வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆயினும் ஆசையோடு வாங்கிய தொட்டி சில மாதங்களில் காலியாகிப் பரண்மேல் ஏறிவிடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். 'எங்களுக்கு மீன் ராசியில்லை' என்பார் சிலர். 'வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போயிற்று' என்பார் வேறு சிலர். மீன் இறப்பதற்குக் காரணம் ராசியுமன்று, திருஷ்டியுமன்று. அது தண்ணீரில் இருக்கிறது.

இதை நான் அறிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். எங்கள் ஒன்றிய அலுவலகக் கூடத்தில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்றில் பதினொரு மீன்கள் ஓராண்டுக்கு மேல் நலமாக வாழ்ந்து வந்தன. மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. தொட்டியில் பாசி படிந்திருப்பதைக் கண்டு, நன்றாகச் சுத்தம் செய்யுமாறு உத்தரவிட்டேன். ஊழியர் அதை ஒரு குறையுமின்றி நிறைவேற்றினார். மீன்களை வாளிக்கு மாற்றி, நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புது நீர் நிரப்பி மீன்களை விட்டார். அதிகாரி வந்தபோது தொட்டி பளிங்குபோல் இருந்தது. மறுநாட்காலை ஒன்பது மீன்கள் மிதந்தன. ஊழியர்மீது குற்றமில்லை, உத்தரவிட்டவன் நானே.

நேர்ந்தது யாதெனில், இரண்டு கேடுகள் ஒருசேர வந்தன. முதலாவது குளோரின். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்க வேண்டுமென்பது நம் நாட்டுத் தர விதி. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதை ஊராட்சிகள் ஒருபோதும் விட்டுவிடலாகாது. ஆனால் மனிதரைக் காக்கும் அந்த மருந்து, மீனின் செவுளைப் பொசுக்கும் நஞ்சு. குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்திருந்தால் குளோரின் பெரிதும் வெளியேறிவிடும். அவசரமானால், பழைய நிழற்படக் கூடங்களில் 'ஹைப்போ' என்று வழங்கிய உப்பில் சிறு துளி அளவு கரைத்தாலும் குளோரின் முறியும். மீன் கடைகளில் இது திரவமாகக் கிடைக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளோரின் இராது. எனினும் பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு குறைவு. அதையும் ஒரு நாள் காற்றாட வைத்துப் பிறகே ஊற்றுதல் வேண்டும்.

இரண்டாவது கேடு கண்ணுக்குப் புலப்படாதது. உழவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மாட்டுக் கொட்டிலில் விடியற்காலையில் மூக்கை அரிக்கும் வாடை எதுவோ, அதே அமோனியாவை மீனும் தன் செவுள் வழியே ஓயாமல் கழிக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாவே உண்டாகிறது. நாம் வயலில் யூரியா இடும்போது, அது அமோனியாவாக மாறுகிறது. மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகு பயிர் எடுத்துக்கொள்கிறது. இந்நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டையொட்டி ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தறிந்தார். தொட்டியிலும் இதே வேலை நடக்கிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட்டோ ஓரளவு தாங்கத்தக்கது. இந்நுண்ணுயிர்கள் குடியிருப்பது பெரும்பாலும் தண்ணீரிலன்று. கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலுமே படிந்திருக்கின்றன. அவற்றைத்தான் நாங்கள் பிளீச்சிங் பவுடரால் கழுவிக் கொன்றோம்.

புதுத் தொட்டி நிரப்பிய அன்றே மீன்களை நிறைய விடுதல் ஏன் கூடாதென்பது இதிலிருந்து விளங்கும். நுண்ணுயிர்க்கூட்டம் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டொரு மீன்களை மட்டும் விட்டு, தீனியையும் குறைத்திடல் வேண்டும். நலமாக இயங்கும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல் வாங்கிப் போடுதல் நல்லது. தயிருக்கு உறை ஊற்றுவது போன்றதே இது.

வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ மட்டும் வெளியேற்றி, முன்னாளே பிடித்து வைத்த நீரால் ஈடுசெய்தல் வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கூழாங்கற்களுக்கிடையே ஊன்றி, மறு முனையைக் கீழே வைத்த வாளியில் விட்டு உறிஞ்சவிட்டால், அடியிற் படிந்த கழிவும் நீரோடு வந்துவிடும். வாளியில் இறங்கிய அந்நீரிலேயே வடிகட்டிப் பஞ்சை இரண்டு முறை அலசி மாட்டிவிடலாம். சோப்பு கூடவே கூடாது. வாளி நீரைக் கத்தரிச் செடிக்கோ மிளகாய்ச் செடிக்கோ ஊற்றுக. அதிலுள்ள நைட்ரேட்டு பயிருக்கு உணவு.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 56 கிலோ என்பதால் ஆடும் மேசைமீது வைக்கலாகாது. நேர் வெயில் படும் சாளரத்தருகே வைத்தால் நீர் பச்சையாகிவிடும். கப்பி, மோலி போன்ற சிறு மீன்கள் பத்துக்கு மேல் இத்தொட்டிக்கு வேண்டாம். தங்க மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது, அரையடிக்கு மேல் வளரக்கூடியது, கழிவும் மிகுதி. அதைச் சிறு கண்ணாடிக் குடுவையில் அடைத்து வைப்பது கொடுமையென்றே சொல்வேன். சண்டை மீனில் ஆண் ஒன்றுக்கு மேல் ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். வேலம்பாசியை ஏரியிலிருந்து கொண்டுவருவோர் நன்கு அலசி, சில நாள் தனியே வைத்திருந்து பிறகு இடுக; மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும் தும்பிப் புழு அதில் ஒளிந்து வரும்.

தீனியில் நாம் செய்யும் தவறு கஞ்சத்தனமன்று, தாராளமே. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். நாளொன்றுக்கு ஒரு வேளை, மிஞ்சினால் இரு வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கேடில்லை. பொரியும் இட்லித் துண்டும் சோறும் நீரைக் கலக்கும். பள்ளிக்கூடத் தொட்டிகளில் பிள்ளைகள் அன்பின் மிகுதியால் ஆளுக்கொரு பிடி போடுகின்றனர். வாரத்திற்கு ஒரு மாணவரை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குதல் நன்று.

கோடையில் தனிக் கவனம் தேவை. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் ஏழரைதான். ஏரி வற்றுங்காலத்தில் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். தொட்டியில் அக்காட்சி தோன்றினால் தீனியை உடனே நிறுத்தி, ஒரு பங்கு நீரை மாற்றுக. மின்சாரம் நின்றால், ஒரு சொம்பால் தொட்டி நீரையே மொண்டு சற்று உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றினால் காற்றுக் கலக்கும். காற்றுப் பம்பைத் தொட்டி நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் அவசியம். இல்லையேல் மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழி இறங்கிப் பம்பினுள் புகும். நீரில் கைவிடுமுன் மின் இணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

புது மீனை இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். உடலில் ரவை தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். விரைவில் தொட்டி முழுதும் பரவும்.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. பாசி தின்னுமென்று 'டேங்க் கிளீனர்' என்னும் பெயரில் கடைகளில் விற்கப்படுவது தென் அமெரிக்க மீன். விரலளவாக வரும் இது ஓரடிக்கு மேல் வளர்கிறது. தொட்டி கொள்ளாமற்போகவே, கொல்ல மனமின்றி ஏரியிலோ ஊருணியிலோ விட்டுவிடுகின்றனர். அங்கே அது பெருகி, நம் கெண்டைகளின் இரையைப் பறித்து, கவசம்போன்ற உடம்பாலும் முள்ளாலும் வலையைக் கிழித்து, முட்டையிடக் கரையில் வளை தோண்டுகிறது. பிடித்தாலும் வாங்குவாரில்லை. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்போரிடமோ ஒப்படைக்குமாறும், எக்காரணத்தாலும் நீர்நிலையில் விடக்கூடாதென்றும் கிராம சபையில் எடுத்துரைத்து, ஏரிக்கரையில் ஓர் அறிவிப்புப் பலகையும் நாட்டலாம். எங்கள் ஒன்றியத்தில் அடுத்த கிராம சபைக்கு இப்பொருளைச் சேர்த்திருக்கிறோம்.