விளக்கைத் தவறவிட்ட வானதி



கதை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் வீரர்கள். வாளேந்திக் குதிரையில் பாய்பவன், புயலிலே படகு செலுத்துபவள், பகைவர் நடுவே அஞ்சாமல் நிற்பவன் ஆகியோரையே நாம் விரும்பிப் படிக்கிறோம். ஆனால், நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்டவர்கள்? வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்பவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்கும் கதைகளில் ஒரு தோழி உண்டு. அவள் பெயர் வானதி. கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ என்னும் நெடுங்கதையில் வரும் கொடும்பாளூர் இளவரசி அவள். அவளைப் பற்றியதே இப்பாடம்.

நூலைப் பற்றிச் சில செய்திகள்

கல்கி அவர்கள் 1899ஆம் ஆண்டு பிறந்து, 1954ஆம் ஆண்டு மறைந்தவர். ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954ஆம் ஆண்டு மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள் கொண்டது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இயக்குநர் மணிரத்னம் இக்கதையை இரண்டு திரைப்படங்களாக்கினார். உங்களுள் பலர் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். திரையில் வானதிக்குக் கிடைத்த இடம் சிறிது. நூலிலோ அவளுக்கென்று ஒரு நெடும் பயணமே இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், விடுமுறைக்குக் கோலாலம்பூர் வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடையில் இந்நூலின் முதற்பாகத்தை வாங்கினேன். கிள்ளானுக்குச் செல்லும் பேருந்தில் படிக்கத் தொடங்கியவன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டேன். அன்று என் மனத்தைக் கவர்ந்தவன் வந்தியத்தேவன். வானதியின் அருமை எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

அச்சம் கொண்ட இளவரசி

வானதி இளமையிலேயே பெற்றோரை இழந்தவள். அவளுடைய தந்தை ஈழத்துப் போரில் உயிர் துறந்தவர். பெரிய தந்தையின் பாதுகாப்பில் வளர்ந்த அவள், பின்னர்ப் பழையாறை அரண்மனையில் சோழ இளவரசி குந்தவையிடம் வந்து சேர்ந்தாள்.

குந்தவையின் தம்பி அருள்மொழிவர்மர் ஈழப் போருக்குப் புறப்பட்ட நாளில், அவரை வழியனுப்பப் பெண்கள் தட்டுகளில் மங்கல விளக்கேந்தி நின்றனர். வானதியின் கையிலும் ஒரு விளக்கு இருந்தது. இளவரசர் அருகில் வந்த வேளையில் அவள் கைகள் நடுங்கின, தட்டு கீழே விழுந்தது, விளக்கு அணைந்தது, அவளும் மயங்கி விழுந்தாள். போருக்குப் புறப்படும் நேரத்தில் விளக்கு விழுந்தால் ஊர் என்ன பேசும்? அபசகுனம் என்றுதானே பேசும்! அன்று முதல் அவள் அடிக்கடி மயங்கி விழலானாள். தோழியருள் சிலர் அதைப் பாசாங்கு என்று எள்ளி நகைத்தனர்.

அவளுடைய அச்சத்தைப் போக்க ஒரு விளையாட்டும் நடந்தது. அரிசிலாற்றங்கரையில், உள்ளே பஞ்சடைத்த முதலை ஒன்றைக் கிடத்தி வைத்தார்கள். அவ்வழியாக வந்த வந்தியத்தேவன் அதை உயிருள்ள முதலை என்று எண்ணி வேலை எறிந்தான், பெண்கள் சிரித்தார்கள். படிப்போருக்கும் சிரிப்பு வரும். ஆனால், பொய் முதலையால் வானதியின் அச்சம் போய்விட்டதா? இல்லை. அதன் பிறகும் அவள் அஞ்சினாள், மயங்கினாள். இதை மாணவர்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாறுதல் எங்கே தொடங்கியது?

மூன்றாம் பாகத்தில் இளவரசரைக் கடல் கொண்டது என்ற செய்தி பழையாறைக்கு எட்டுகிறது. மக்கள் கதறுகின்றனர். வானதி துயரத்தால் நிலை கலங்குகிறாள். ஆனால், அந்தத் துயரத்திலிருந்து எழுந்தவள் வேறொரு வானதியாக இருக்கிறாள். ‘வானதியின் மாறுதல்’ என்றே ஓர் அத்தியாயத்துக்குக் கல்கி பெயரிட்டிருக்கிறார். துணைக்கு ஒருவர் இல்லாமல் அறைவிட்டு அறை செல்லவும் தயங்கிய பெண், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தை நோக்கி அரண்மனையைவிட்டுப் புறப்படுகிறாள். இரவு, காட்டுப் பாதை, முரட்டு மனிதர்கள்! வழியில் அவளைச் சிலர் பிடித்துக்கொள்கின்றனர். “இளவரசர் இருக்கும் இடத்தைச் சொல், சொல்லாவிட்டால் யானை உன்னைத் தூக்கி எறியும்” என்று அச்சுறுத்துகின்றனர். அது முதன்மந்திரி அநிருத்தர் வைத்த சோதனை என்பது அவளுக்குத் தெரியாது.

வானதி சொல்லவில்லை. யானையின் துதிக்கை அவளை வளைத்துத் தூக்குகிறது. அப்போதும் சொல்லவில்லை. யானை அவளை எறியாமல், தன் முதுகில் இருந்த அம்பாரியில் இறக்கி வைக்கிறது.

மாணவச் செல்வங்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் வானதிக்கு அச்சம் இல்லையா? நிச்சயமாக இருந்திருக்கும். யானையின் துதிக்கையில் தொங்கும்போது அஞ்சாதவர் யார்? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதுதான் அறிவு என்று திருவள்ளுவரே கூறியிருக்கிறார். ஆயினும், தன் உயிரைவிடப் பெரிதாக ஒன்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவள் உள்ளத்தில் புகுந்துவிட்டது. தன்னைப் பற்றியே எண்ணியிருந்தவரை அவள் கைகள் நடுங்கின. பிறரைப் பற்றி எண்ணத் தொடங்கியதும், அச்சம் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது.

ஐந்தாம் பாகத்தில் இந்தத் துணிவு மேலும் முதிர்கிறது. அரியணைக்கு ஆசைப்பட்டே அவள் இளவரசரை விரும்புகிறாள் என்ற பொருள்பட ஓடக்காரப் பெண் பூங்குழலி சுடுசொல் கூறுகிறாள். பழைய வானதியாயின் அழுது மயங்கியிருப்பாள். புதிய வானதியோ, சோழ நாட்டுச் சிங்காதனத்தில் ஒருநாளும் அமர மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அதன்பின் வெள்ளம் பெருகிவரும்போது, குடந்தைச் சோதிடர் வீட்டுக் கூரையோடு மிதந்து செல்கிறாள். அவளைக் காக்கப் படகில் விரைந்து வருபவள் அதே பூங்குழலிதான்!

பூங்குழலி கடலுக்கும் அஞ்சாதவள். வானதி நிழலுக்கும் அஞ்சியவள். ஆனாலும், வானதியைப் பூங்குழலியாக மாற்றிவிட வேண்டும் என்று கல்கி முயலவில்லை. கதை முடியும்வரை வானதி மென்மையானவளே. மெல்லிய குரலில் பேசியபடியே உறுதியாக நிற்க முடியும் என்பதற்கு அவள் சான்று.

பிற நாட்டுக் கதையும் நம் நாட்டு வரலாறும்

அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம் 1900ஆம் ஆண்டில் ‘ஓஸ் மந்திரவாதி’ என்னும் மாயக் கதையை வெளியிட்டார். அதில் ஒரு கோழைச் சிங்கம் வருகிறது. தனக்குத் துணிவு இல்லை என்று வருந்தி, அதை மந்திரவாதியிடம் கேட்டுப் பெறுவதற்காகப் பயணம் செய்கிறது. வழியில் ஒரு பெரும் பள்ளம் குறுக்கிடுகிறது. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டே, அந்தச் சிங்கம் தன் தோழர்களை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து தாண்டுகிறது. மந்திரவாதி கொடுத்த மருந்து பின்னர்தான் வருகிறது. துணிவோ முன்பே வந்துவிட்டது. கிழக்கிலும் மேற்கிலும் கதையாசிரியர்கள் கண்ட உண்மை ஒன்றாகவே இருப்பதைப் பாருங்கள்.

“இவை கதைகள்தாமே, ஐயா?” என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 1943ஆம் ஆண்டு, இன்று மெர்டேக்கா சதுக்கம் என வழங்கும் கோலாலம்பூர்த் திடலில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் உரையாற்றினார். அதைக் கேட்ட 18 வயதுப் பெண் ஜானகி, தம் காதுத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். வசதியான வீட்டுப் பெண் அவர். தந்தையார் முதலில் ஒப்பவில்லை. எனினும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். கேப்டன் இலட்சுமி தலைமையிலான அப்படையில், பால்மரக் காட்டில் வேலை செய்த குடும்பங்களின் பெண்களும் சேர்ந்தனர். தோட்டத்து எல்லையைக்கூடத் தாண்டியறியாத பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றனர். ஜானகி ஆதி நாகப்பன் என்று பின்னாளில் அறியப்பட்ட அந்த அம்மையார், நம் நாடாளுமன்ற மேலவையிலும் உறுப்பினராக விளங்கி, 2014ஆம் ஆண்டு மறைந்தார்.

வானதியின் கதைக்கும் நம் நாட்டுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அருள்மொழிவர்மரே பிற்காலத்தில் முதலாம் இராசராச சோழன் ஆனார். அவருடைய மகன் இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டு கடாரத்தின்மீது படையெடுத்தது. கடாரம் என்பது இன்றைய கெடா. இராசேந்திரனின் தாயார் வானவன் மாதேவி என்று வரலாறு கூறுகிறது. அந்த அரசியை மனத்திற்கொண்டே கல்கி வானதியைப் படைத்தார்.

என் தவறு

வானதியின் அருமையை நான் உணர்ந்த காரணத்தை இப்போது கூறுகிறேன். நான் இளம் ஆசிரியராக வேறொரு தோட்டப் பள்ளியில் பணியாற்றிய காலம் அது. நான்காம் ஆண்டில் படித்த ஒரு மாணவியைக் கதை சொல்லும் போட்டிக்குப் பயிற்றுவித்தேன். மேடை ஏறியதும் அவள் கைகள் நடுங்கின, கதை மறந்துபோயிற்று, பிள்ளைகள் சிரித்தனர். நானோ, மேடையிலிருந்து அழுதுகொண்டு இறங்கிய பிள்ளையை, “இதற்காகவா இத்தனை நாள் பாடுபட்டேன்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அதன்பின் அவளை எந்தப் போட்டிக்கும் அழைக்கவில்லை. அவளும் எதற்கும் கை தூக்கவில்லை. இப்படியே ஆறாம் ஆண்டு முடிந்தது.

பள்ளியைவிட்டுச் செல்லும் நாளில், பிரட்டுக் களத்திலிருந்து நேராக வேலைக்குப் போய், வெட்டு முடிந்து வந்த அவளுடைய தாயார் என்னிடம் சொன்னார்: “ஐயா, வீட்டுல தம்பிங்க ரெண்டு பேரையும் தினமும் இவதான் கதை சொல்லித் தூங்க வைப்பா. நல்லா சொல்லுவா ஐயா. நீங்க ஒரு நாள் கேட்டிருக்கலாம்.”

அந்த அம்மையாரின் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அச்சொல் இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அன்றிரவு வீட்டுக்குப் போய் ‘பொன்னியின் செல்வனை’ மீண்டும் எடுத்தேன். விளக்கைத் தவறவிட்ட வானதியைக் குந்தவை விலக்கிவிடவில்லை. தன் அருகிலேயே வைத்துக்கொண்டாள். தன் துன்பங்களை அவளோடு பகிர்ந்துகொண்டாள். நானோ ஒரு முறை விளக்கு விழுந்ததற்காக, இரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையின் கையில் விளக்கே கொடுக்காமல் இருந்துவிட்டேன்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும்போது, புதிய இடம், புதிய முகங்கள், மலாய்மொழி வழிப் பாடங்கள் ஆகியவற்றை ஒரே நாளில் எதிர்கொள்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் கலகலவென்று பேசிய பிள்ளை அங்கே வாயடைத்துப் போவதுண்டு. பாடம் புரியவில்லை என்று சொல்ல அஞ்சி, நாளடைவில் பின்வாங்கிப் பள்ளியையே வெறுத்தவர்களை நான் அறிவேன். ஆதலால் துணிவு என்பது நமக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

பூச்சாண்டி காட்டுவதும், “பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்” என்று ஒப்பிடுவதும் பஞ்சடைத்த முதலைகளே. அவற்றால் அச்சம் தீராது. கூச்சமுள்ள பிள்ளைக்குச் சிறு பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். கடையில் கணக்குக் கேட்டு வரட்டும். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித் தரட்டும். வீட்டுக்கு வந்த பெரியவரிடம் தானே நலம் விசாரிக்கட்டும். தவறினால் நகையாதீர்கள். மறுநாளும் அதே பொறுப்பை அதே பிள்ளையிடம் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது துணிவு. கேலி செய்யப்படும் தோழனின் பக்கத்தில் போய் அமர்வது துணிவு. யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டால், தாயிடமோ ஆசிரியரிடமோ மறைக்காமல் கூறுவது பெருந்துணிவு. இவற்றைச் செய்யும்போது குரல் நடுங்கலாம். நடுங்கட்டும், நடுங்கிய குரலிலேயே சொல்லுங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.

சிந்தித்து விடை காண்க

1. பொய் முதலையால் போகாத அச்சம், யானையின் முன் எவ்வாறு அடங்கியது?

2. வானதி, பூங்குழலி ஆகிய இருவரின் துணிவுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. நீங்கள் ஒருமுறை அஞ்சி விட்டுவிட்ட செயல் எது? அதை மீண்டும் செய்து பார்க்க யாருடைய துணை வேண்டும்?

மூன்றாம் வினாவுக்கு உரிய விடையை ஏட்டில் எழுத வேண்டா. என் அறைக்கு வந்து சொல்லுங்கள். கதவு திறந்தே இருக்கும்.

– தலைமையாசிரியர்