சான்றிதழ் செல்லாது, ஆட்சியரின் அனுமதி எங்கே?

கேள்வி: வெம்பக்கோட்டை பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். எங்கள் ஊரில் நடக்கவிருக்கும் சினிமா ஷூட்டிங்கில் 9 முதல் 13 வயது வரையுள்ள ஏழு பிள்ளைகள் நடிக்கிறார்கள். கூடவே இருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்திருக்கிறார்கள். அதற்கு ‘சைல்டு சாப்பரோன் லைசென்ஸ்’ கட்டாயம் என்று சொல்லி, ஒரு தனியார் பயிற்சி மையம் ஐந்து மாதம் முன்பு 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தது. பணத்துக்கு ரசீது தரவில்லை. அடுத்த வாரம் ஷூட்டிங். சில காட்சிகளைப் பயர் ஆபீஸுக்குள் (பட்டாசு ஆலைக்குள்) எடுக்கப்போகிறார்களாம். இந்த லைசென்ஸ் செல்லுமா? பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் என் மேல் கேஸ் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செல்லாது. நம் நாட்டில் அப்படியொரு உரிமமே கிடையாது. பிரிட்டனில் உண்டு. அங்கே உள்ளாட்சி மன்றம் விசாரித்து உரிமம் தரும். ஒருவர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊர்ப் பெயரை இங்கே ஒட்டி உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

நம் சட்டம் இதுதான். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம் 1986, 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கு, படிப்பு கெடக் கூடாது என்ற நிபந்தனையுடன் விலக்கு உண்டு. அந்த விலக்கை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை 2017-இல் சேர்க்கப்பட்ட 2சி விதி சொல்கிறது.

உங்கள் விஷயத்தைத் தீர்மானிப்பது அந்த விதிதான். ஷூட்டிங் எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படிவம் சி-யில் உறுதிமொழி, பிள்ளைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் நபரின் பெயர் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது உச்ச அளவு. அந்தப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டியவர் தயாரிப்பாளர். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டுதான்: விருதுநகர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இருக்கிறதா, அதற்காகக் கொடுத்த தாள்களில் என் பெயர் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் உங்களுக்கு எந்த மையத்தின் சான்றிதழும் தேவையில்லை. அனுமதியே இல்லையென்றால் பத்துச் சான்றிதழ் இருந்தாலும் அந்த ஷூட்டிங் சட்டவிரோதம். ஏழு பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவரே என்பதும் விதிமீறல். இன்னொரு பொறுப்பாளர் வேண்டும்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கண்டிக்கத்தான் வேண்டும். 18,000 ரூபாயை ரசீது இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். கம்பெனியிடமிருந்து நியமனக் கடிதம் வந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை; சம்பளம், வேலை நேரம் எதுவும் எழுத்தில் இல்லை என்றே கொள்கிறேன். ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த வாரம் ஷூட்டிங் என்னும்போது கேட்கிறீர்கள். அன்றைக்கே ஆட்சியர் அலுவலகத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஏழு குடும்பங்கள் உங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பப்போகின்றன. இனி எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போடும் ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பயர் ஆபீஸ் காட்சிக்கு வருகிறேன். வெடிபொருள் விதிகள் 2008-இன்படி, 18 வயது நிறையாதவர் உரிமம் பெற்ற பட்டாசு ஆலை வளாகத்துக்குள் நுழையவே கூடாது. ஆட்சியர் ஷூட்டிங்குக்குக் கொடுக்கும் அனுமதி இந்தத் தடையை நீக்காது. செட் போட்டு எடுக்கட்டும். “ஒரே ஒரு ஷாட்” என்று கெஞ்சினாலும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வதைபட்ட பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டில் பிறந்த தீர்ப்பு அது. இந்த மண்ணில் ஒரு கேமராவுக்காகப் பிள்ளைகளை மறுபடியும் மருந்து அறைக்குப் பக்கத்தில் நிறுத்துவதை யாரும் ஏற்கக் கூடாது.

பொறுப்பாளராக நின்றால் நீங்கள் விடாமல் கண்காணிக்க வேண்டியவை: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு, சுத்தமான தங்குமிடம், பாடம் விட்டுப்போகாமல் படிக்க வசதி ஆகியவை கட்டாயம். பிள்ளை மாட்டேன் என்றால் நடிக்க வைக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் அதை மாற்றாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், அந்தப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதிமொழி ஆறு மாதமே செல்லும். ஷூட்டிங் தள்ளிப்போனால் தேதியைப் பாருங்கள்.

உங்கள் மேல் கேஸ் வருமா? சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது முதலில் தயாரிப்பாளர் மேல் பாயும். ஆனால் உங்கள் அஜாக்கிரதையால் பிள்ளைக்கு அடிபட்டால் நீங்களும் தப்ப முடியாது. பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தால், போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. “கம்பெனி பேர் கெட்டுவிடும்” என்பதெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடாது. சந்தேகம் வந்த நிமிஷமே 1098-க்கு அழையுங்கள். உங்களைப் பற்றிய காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 18,000 ரூபாய் சான்றிதழுக்கு இல்லாத மதிப்பு அதற்கு உண்டு.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ஏமாற்றியதற்குக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாததால், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள், சான்றிதழ் ஆகிய மூன்றும்தான் உங்கள் சாட்சி. எதையும் அழிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான பதில் இது. படிவம் சி-யையும், நியமனக் கடிதம் இருந்தால் அதையும் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. எல்லாத் தாள்களோடும் ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். பீஸ் கட்ட வசதியில்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை ஒரு பிள்ளையையும் ஷூட்டிங்குக்கு அழைத்துப் போகாதீர்கள்.