கறிவேப்பிலைக் கன்றைப் பிரித்து வேறு மனையில் நடும் முறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசங்களில் சிப்காட் தொழிற்பேட்டைகள் ஏற்பட்டபின் நிலத்தையும் மனையையும் விட்டு வேறிடம் குடியேறிய குடும்பங்கள் பல. கதவு, ஜன்னல், உத்தரம் முதலியவற்றைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொல்லையிலுள்ள கறிவேப்பிலையைக் கொண்டுபோவது எங்ஙனம்? முதிர்ந்த மரத்தைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். அதன் வேரினின்று கிளைக்கும் பக்கக் கன்றுகளைக் கொண்டுபோவதே உத்தமம். அவை தாய்மரத்தின் மணத்தையே உடையன. விதைக் கன்றுகளில் மணம் மாறவுங் கூடும்.

பக்கக் கன்றைக் கண்டவுடன் பிடுங்கலாகாது. அது தாயின் வேரை நம்பி வளர்வதாதலால் அதற்குச் சொந்த வேர் சொற்பமே. முழங்கால் உயரமுள்ள கன்றாகத் தெரிந்துகொண்டு, கன்றுக்கு அரை அடி தள்ளி, தாய்மரம் இருக்கும் பக்கத்தில் கடப்பாரையை இறக்கி இணைப்பு வேரை மட்டும் அறுத்துவிட வேண்டியது. கன்றை அசைக்காமல், அறுத்த இடத்தில் மக்கிய எருவும் மணலும் கலந்த மண்ணையிட்டு, ஒரு மாதம் அல்லது சற்று அதிகமாக, ஈரம் காயாமல் காத்துவரவும். வாடாமல் புதுக் கொழுந்து விடுமாயின் சொந்த வேர் பிடித்ததென்று அறியலாம். பிறகு மண்கட்டி உடையாமல் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, சாயங்காலத்தில் நடவும். ஆவணியில் வேரை அறுத்தால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையோடு நடுவதற்குச் சரியாயிருக்கும். ஆகவே மனையைக் காலி செய்யும் தவணைக்கு ஒரு பருவம் முன்னதாகவே இவ்வேலையைத் தொடங்குதல் அவசியம். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொன்னால் பிரயோஜனமுண்டு.

குழி 1 அடி நீளம், அகலம், ஆழம் இருந்தாற் போதும். ஆனால் புது மனைகளில் சிமெண்டும் செங்கல் துண்டும் மண்ணோடு கலந்து கிடப்பது சகஜம். அவற்றை நீக்கி நல்ல செம்மண் இடாவிட்டால் இலை மஞ்சளிக்கும். ஏரியடி நிலமாயின் மேடாக்கி நடவும், நீர் தேங்கினால் வேர் அழுகும். மோர் ஊற்றினால் செடி செழிக்கும் என்பர். ஊற்றுவதில் தோஷமில்லை; ஆயினும் மக்கிய எருவுக்கு அது ஈடாகாது.

பக்கக் கன்று கிடையாதவர் ஆடி, ஆவணியில் கறுத்துப் பழுத்த கனிகளைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, மூன்று நான்கு நாட்களுக்குள் விதைக்கவும். வெயிலில் உலர்த்திச் சேமித்த விதை முளையாது. ஓராண்டுக் கன்றே நடுவதற்கு ஏற்றது.

செடி இடுப்பளவுக்கு மேல் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் படரும். எலுமிச்சையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் இதையும் தின்னும். அவற்றைக் காலையில் கையாற் பொறுக்கி அழிக்கவும். அன்றாடம் குழம்பிலிடும் இலையாதலால் விஷ மருந்து தெளித்தல் வேண்டாம்.