எருமைகள் கற்பித்த பாடம்

இயற்கை வளங்களை ஆராய்கிறவர் விஞ்ஞானி. அவற்றைப் பாதுகாத்து நிர்வகிக்கிறவர் அதிகாரி. இவ்விருவரும் கலந்து பேசாவிடில் என்ன நேரும்? இராஜஸ்தான் மாநிலத்திலுள்ள பரத்பூர் பறவைகள் சரணாலயத்தின் வரலாறு நமக்கு அதை நன்கு விளக்குகிறது.

கேவலாதேவ் எனப்படும் இச்சரணாலயம் சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இங்குள்ள ஆழமில்லாத நீர்நிலைகளை நாடிக் குளிர்காலத்தில் தூர தேசங்களிலிருந்து வாத்துகள் பறந்து வருகின்றன. சுற்றுப்புறக் கிராமத்தார் நெடுங்காலமாகத் தங்கள் எருமைகளை இங்கு மேய்த்து வந்தனர்.

எருமைகளால் பறவைகளுக்குத் தீங்கு என்று அறிஞர் பலர் எண்ணினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆராய்ச்சி முடிவதற்கு முன்பே, 1982-ஆம் ஆண்டில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தனர். போலீசார் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர்.

பின்பு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எருமைகள் தின்று வந்த ஒருவகை நீர்ப்புல் தங்குதடையின்றிப் படர்ந்து, நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. வாத்துகள் நீந்தி இரைதேடத் திறந்த நீர் வேண்டுமல்லவா? அந்த இடம் குறைந்தது. புல்லைக் கட்டுப்படுத்தி வந்தவை எருமைகளே என்பதை அக்கழகத்தின் ஆராய்ச்சி தெளிவாக்கியது. பிற்பாடு கிராமத்தார் புல் அறுத்துச் செல்ல அனுமதி பெற்றனர். ஆனால் போன உயிர்கள் திரும்புமா?

ஆழமறியாமல் காலை விடலாகாது என்பர் பெரியோர். முதலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் வேலியிட்டு மேய்ச்சலை நிறுத்தி, மறுபகுதியில் அனுமதித்து, இரண்டையும் சில ஆண்டுகள் ஒப்பிட்டிருக்கலாம். தம் முன் உள்ள சந்தேகம் இன்னதென்று அதிகாரி ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே விஞ்ஞானியிடம் கூற வேண்டும். விஞ்ஞானியும் முழு அறிக்கை முடியும்வரை காத்திராமல், தாம் கண்டதை எளிய சொற்களில் அவ்வப்போது தெரிவிக்க வேண்டும். உறுதியாகத் தெரியாததை அவ்வாறே சொல்லவும் தயங்கக் கூடாது. அந்த நீரிலும் புல்லிலும் அன்றாடம் பழகிய மேய்ப்பவரையும் இருவரும் அழைத்துக் கேட்க வேண்டும். ஏட்டில் இல்லாத செய்தி பல அவர் அறிவார்.

தோழியரே, நாளை நம்மில் சிலர் விஞ்ஞானிகளாகலாம், சிலர் அதிகாரிகளாகலாம். எப்பதவியில் அமர்ந்தாலும், ஆணையிடுமுன் கேட்டறியும் பழக்கத்தை இன்றே நம் வகுப்பறையில் வளர்த்துக்கொள்வோமாக!