வான்கோழிகள் தந்த எச்சரிக்கை

புற்றுநோய் மனிதருக்கு மட்டும் வரும் நோய் அன்று. மாடு, நாய், கோழி, மீன் ஆகியவற்றுக்கும் அது வருகிறது. அவற்றின் ஆயுள் குறுகியது. ஆகையால் நம்மில் பல ஆண்டுகளின் பின் தோன்றும் தீங்கு அவற்றில் விரைவில் வெளிப்படலாம். இதனாலேயே மிருக வைத்தியரும் மனித நோய்களை ஆராய்வோரும் தம் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அவ்வாறான ஓர் ஆய்வு நமது கச்சான் மூட்டையுடன் தொடர்புடையது.

1960இல் நடந்தது

அவ்வாண்டு இங்கிலாந்தில் 100,000க்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுள் இறந்தன. அவற்றின் ஈரல் பழுதடைந்திருந்தது. காரணம் தொற்றுநோய் அல்ல. தீனியில் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சணம் ஒருவகை நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் எனப் பெயரிட்டனர். அத்தகைய பிண்ணாக்கை உண்ட ஆய்வுகூட எலிகளுக்கு ஈரற் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் வளர்ப்பு மீன்களுக்கு ஏற்பட்ட ஈரற் புற்றுநோய்க்கும் தீனியிலிருந்த இதே நஞ்சே காரணம் என அறியப்பட்டது.

எல்லா உயிருக்கும் ஒரே அளவா?

இல்லை. வாத்துக்குஞ்சு மிகச் சிறிதளவு நஞ்சையும் தாங்காது. வளர்ந்த சுண்டெலியோ பெருமளவு தாங்கும். அதன் ஈரல் நஞ்சை விரைவில் முறித்துவிடுகிறது. சுண்டெலியை மட்டும் பார்த்திருந்தால், ஆபத்து இல்லை என்று எண்ணியிருப்போம். பல உயிரினங்களை ஒப்பிடுவதன் பயன் இதுவே.

மனிதரில் கண்டது

சீனாவின் ஷாங்காய் நகரில் 18,000க்கு மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தனர். இந்நஞ்சும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசும் ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டபோது, இரண்டும் இல்லாதவரை விட ஈரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 60 மடங்காக இருந்தது. எனவே குழந்தைகளுக்கு அவ்வைரசுக்கான தடுப்பூசியைத் தவறாது போடுவிப்போம்.

நாம் செய்யக்கூடியவை

ஒருநாள் ஒரு கெட்ட கச்சானை உண்டதற்காக அஞ்ச வேண்டாம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சேர்வதே தீங்கு. கொட்டிலில் வாழும்போது நல்ல களஞ்சியம் கிடைப்பதில்லை. ஆயினும் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. கச்சானைப் பிடுங்கியவுடன் பாயிலோ தறப்பாளிலோ பரப்பி, குலுக்கும்போது பருப்பு ஓசையிடும்வரை காயவிடுக.
2. சாக்கை வெறுந்தரையில் வைக்காது, பலகை அல்லது தடிகளின் மேல் அடுக்குக. ஒழுக்குப் படாது பார்க்க.
3. தேவையானபோது மட்டும் கோதுடைக்க.
4. சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது, கசப்பது ஆகியவற்றைத் தெரிந்து அகற்றுக. அவித்தாலும் வறுத்தாலும் இந்நஞ்சு முற்றாக நீங்காது.
5. சோளனையும் பிண்ணாக்கையும் இவ்வாறே கவனிக்க.

பசியுள்ள வீட்டில் ஒரு சுண்டு கச்சானை எறிவது எளிதன்று. "கோழிக்காவது போடுவோம், மாட்டுக்காவது வைப்போம்" என்றே மனம் சொல்லும். ஆனால் குஞ்சுகள் இறந்தால் நட்டம் பெரிது. மாடு உண்ட நஞ்சில் ஒரு பங்கு பாலில் இறங்கி, நம் பிள்ளையின் கோப்பைக்கே திரும்பி வரும். ஆகவே கெட்டதை ஆழப் புதைப்போம். நன்றாகத் தெரிந்தெடுத்தால் புதைக்க வேண்டியது சிறிதளவே.

இறைவன் நம் பொறுப்பில் விட்ட உயிர்களின் நலத்தைக் கவனிப்போர் தம் குடும்பத்தின் நலத்தையும் காக்கின்றனர்.

கலந்துரையாடலுக்கு

1. நமது தானியமும் தீனியும் எங்கே நனைகின்றன?
2. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காயவிடும் இடமும் உயர்ந்த பரணும் அமைக்கலாமா?