பூட்டிய கட்டடத்துக்கு எதற்கு மராமத்து?

கேள்வி: அமெரிக்காவில் வேலை முடிந்து மூடப்பட்ட அணு ஆலைக் கட்டடங்களைப் பல பத்தாண்டுகளாக இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், அவற்றைப் பராமரிக்கவே ஆண்டுதோறும் பெரும் தொகை போகிறது என்று படித்தேன். பூட்டி முத்திரை வைத்துவிட்டால் கதிரியக்கம் தானாகக் குறைந்துவிடாதா? இடிக்கப்போகிற கட்டடத்துக்குக் கூரை மாற்றுவது வீண் செலவு இல்லையா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கதிரியக்கம் குறையும், அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே கட்டடம் விழுந்துவிடும். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். புளுட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டு. அந்தக் கட்டடங்களின் தட்டைக் கூரையில் போட்ட தார்ப் பூச்சோ, கவனிக்காமல் விட்டால் ஒரு தலைமுறைகூடத் தாங்காது.

வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் ஹான்ஃபோர்டு வளாகத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க அணுகுண்டுகளுக்குப் புளுட்டோனியம் தயாரித்த இடம் அது. அங்கே பியூரெக்ஸ் என்ற பிரித்தெடுப்பு ஆலையை ஒட்டி 1956-ல் ஒரு சுரங்கப்பாதை கட்டினார்கள். கனத்த மர உத்தரங்கள், அவற்றின் மேல் சுமார் எட்டு அடி மண். பழுதாகி, கிட்டே போக முடியாத அளவு கதிரியக்கம் ஏறிய இயந்திரங்களை எட்டு ரயில் வண்டிகளில் வைத்து உள்ளே தள்ளி மூடினார்கள். நீங்கள் சொல்வதுபோலவே பூட்டிவைத்தார்கள். 2017 மே 9 காலையில் பார்த்தால் கூரை உள்ளே சரிந்து, ஏறக்குறைய இருபதுக்கு இருபது அடியில் ஒரு பள்ளம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கதவு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும்படி ஆயிற்று. கதிரியக்கம் வெளியே பரவியதாக எந்தக் கருவியும் காட்டவில்லை. மண் உள்ளே விழுந்து இயந்திரங்களை மூடிக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

அந்த மரம் ஏன் வலுவிழந்தது? மேலே மண் பாரம், உள்ளே காமா கதிர். அறுபது ஆண்டுகளாக இரண்டையும் தாங்கிய உத்தரங்கள் அவை. இந்தச் சுரங்கம் சரியக்கூடும் என்று 2015-லேயே ஓர் ஆய்வுக் குழு எழுதியிருந்தது. சரிந்த பிறகுதான் 2017 நவம்பருக்குள் சுரங்கம் முழுக்கச் சிமென்ட் குழம்பை ஊற்றி நிரப்பினார்கள். 28 வண்டிகள் நின்ற இரண்டாவது சுரங்கத்தையும் 2019-க்குள் அப்படியே நிரப்பியாயிற்று. எச்சரிக்கை வந்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

தரைக்கு மேலே இருக்கும் கட்டடங்களுக்கு முதல் எதிரி தண்ணீர். ஆள் குடியிருக்காத ஓட்டு வீடு இரண்டு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அணு ஆலைக் கட்டடத்தில் ஒழுகும் நீர் சுவரையும் தரையையும் கெடுப்பதோடு, ஓர் அறையில் இருந்த மாசைக் கரைத்துப் பக்கத்து அறைக்கும், வடிகாலுக்கும், மண்ணுக்கும் கொண்டுபோகும். டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் இருந்த கே-25 கட்டடம் போர்க்காலத்தில் யுரேனியம் செறிவூட்டக் கட்டியது, 1964-ல் நிறுத்தினார்கள். 2006 ஜனவரியில் இடிப்புக்கு ஆயத்தம் செய்த ஒரு தொழிலாளி, இற்றுப்போன தளம் உடைந்து சுமார் முப்பது அடி கீழே விழுந்து காயமடைந்தார். உள்ளே ஆளை அனுப்பிச் செய்யலாம் என்று போட்டிருந்த திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. 2008 கடைசியில் தொடங்கிய இடிப்பு 2013-ல்தான் முடிந்தது. கூரையில் மிச்சம் பிடித்த பணம் பல மடங்காக இடிப்புக் கணக்கில் வந்து நிற்கும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

உடனே இடித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஹான்ஃபோர்டில் மட்டும் 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு இருந்தது. பணம் முதலில் அங்கேதான் போகும், போகவும் வேண்டும். கட்டடங்கள் வரிசையில் பின்னால் நிற்கின்றன. அதோடு, ஒரு துறை பயன்படுத்தி முடித்த கட்டடத்தைத் துப்புரவுப் பிரிவு ஏற்றுக்கொள்ளும் வரை இரு தரப்புக்கும் அதன்மேல் அக்கறை குறைவு.

காத்திருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஹான்ஃபோர்டின் பழைய அணு உலைகளைச் சுற்றியிருந்த கட்டடங்களை இடித்து, உலையின் மையத்துக்கு மட்டும் புது எஃகுக் கூரை போட்டு, கதவைப் பற்றவைத்து அடைத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள். 75 ஆண்டுவரை இப்படி நிற்கலாம் என்பது கணக்கு. உலை எஃகில் இருக்கும் கோபால்ட்-60 சுமார் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகும் என்பதால் அங்கே காத்திருப்பதால் உண்மையாகவே பலன் உண்டு. புளுட்டோனியம் கையாண்ட அறைகளில் அப்படி இல்லை. அங்கே புளுட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம்-241 கூடிக்கொண்டே போகும். தாமதிக்கத் தாமதிக்க உள்ளே போகிறவருக்கு ஆபத்து சில காலம் ஏறவே செய்யும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கூரைச் செலவு வீண் அல்ல, அதுதான் முதல் செலவு. அடுத்து, குழாய்களிலும் தொட்டிகளிலும் தங்கிய திரவத்தை வடித்தெடுக்க வேண்டும். தீப்பிடிக்கும் பொருளை அகற்ற வேண்டும். காற்றை உள்நோக்கி இழுத்து வடிகட்டி வெளியே விடும் விசிறிகளை நிறுத்தக் கூடாது. பறவைக் கூடு, எலி வளை, குளவிக் கூடு எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும், அவையும் மாசைச் சுமந்து போகும்.

இவற்றோடு, பட்ஜெட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. எந்தச் சுவருக்குப் பின்னால் எந்தக் குழாய் ஓடுகிறது, எங்கே எது எப்போது சிந்தியது என்பதெல்லாம் வரைபடத்தில் முழுதாக இருப்பதில்லை. வேலை செய்தவர்களின் நினைவில் இருக்கிறது. 1950-களில் இளைஞர்களாகச் சேர்ந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயது. அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, இந்த ஆண்டே எழுதிவைக்க வேண்டும்.